வைக்கிங்குகளின் வெள்ளியும் ஒரு பொட்டலம் கசகசாவும்

என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளி பயணக் கட்டுரை எழுதுவதே வேடிக்கைதான். விமானம் என்றால் பயம், படகு என்றால் பயம், போலீஸ்காரர் சும்மா வழி சொன்னால்கூட எனக்கு வியர்த்துவிடும். அப்படிப்பட்டவன் 2007 ஜனவரியில் துபாயிலிருந்து சாலை வழியாக எல்லை தாண்டி ஓமனில் இருக்கும் சோஹாருக்குப் போனேன். காரணம் வைக்கிங்குகள். ஆயிரம் வருடங்களுக்கு முன்னால் நீண்ட படகுகளில் வந்து ஐரோப்பாவையே நடுங்க வைத்த வடநாட்டுக் கொள்ளையர்கள். பயப்படுகிறவனுக்குப் பயமுறுத்துகிறவர்கள் மேல்தான் ஆசை வரும்போல.

நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். எங்கள் அலுவலகத்துக்கு ஒரு ஸ்வீடன் நாட்டு எஞ்சினியர் வந்திருந்தார். அவருடைய தீவில் உருளைக்கிழங்கு வயலை உழுதால் சில சமயம் அரபு எழுத்துள்ள வெள்ளிக் காசு கிடைக்கும் என்று டீ குடிக்கும்போது சொன்னார். வைக்கிங்குகள் கொள்ளையடித்தது பாதி, வியாபாரம் செய்தது பாதி. ரஷ்ய ஆறுகள் வழியாகக் கீழே இறங்கி, மயிர்த்தோலையும் பிடித்துவந்த அடிமைகளையும் விற்று, அரபு திர்ஹம்களை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். காசைக் காசாக மதிக்கவில்லை. தராசில் நிறுத்து, தேவைப்பட்டால் துண்டாக வெட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

ஸ்வீடனுக்குப் போக எனக்கு விசாவும் கிடைக்காது, லீவும் கிடைக்காது. வெள்ளி போய்ச் சேர்ந்த இடத்தைப் பார்க்க முடியாதவன் அது புழங்கிய இடத்தையாவது பார்க்கலாம் என்று சோஹாரைப் பிடித்தேன். அந்தக் காலத்தில் இந்தக் கடலின் பெரிய துறைமுகங்களில் அது ஒன்று. ஒரு விஷயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைத் திட்டாதீர்கள். சோஹாரில் எந்த வைக்கிங்கும் கால் வைத்ததற்குச் சான்று இல்லை. வடக்கே போன காசுகளில் பெரும்பாலானவை இங்கே அடித்தவையும் இல்லை. ஆனால் அதே வெள்ளி புழங்கிய சந்தையின் ஒரு வாசல் இது. எனக்கு அது போதுமாக இருந்தது.

துணைக்குக் கிடைத்தவர் கபீர் காக்கா. காயல்பட்டினத்துக்காரர் (அந்த ஊரில் அண்ணன் என்றால் காக்கா), துபாய் சத்வாவில் என் அறைக்குக் கீழே தையல் சாமான் கடை வைத்திருந்தார். மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். விசாவைக் கேன்சல் செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போகிற ஏற்பாட்டில் இருந்தார். சோஹாரில் இருக்கும் மச்சானிடம் சொல்லிக்கொண்டு வரக் கிளம்பியவரோடு நானும் ஒட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவருடைய பழைய கொரோலாவில் புறப்பட்டோம். ஹத்தா வழியாக சோஹார் இருநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எல்லையில் எனக்கு ஓமன் விசாவுக்கு மூன்று ரியால் வாங்கினார்கள். உங்கள் விசாவில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்து இது மாறும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வண்டிக்கு ஓமனிலும் செல்லும் இன்சூரன்ஸ் கட்டாயம். காகிதத்தை நீட்டும்போது எனக்கு வியர்த்து வழிந்ததைப் பார்த்து அதிகாரி, காய்ச்சலா என்று கேட்டார்.

சோஹாரில் மீன் சந்தை, கடற்கரைச் சாலை, வெள்ளை வெளேரென்ற கோட்டை. அன்று அங்கே விடுமுறை என்பதால் கோட்டைக்குள் இருக்கும் கண்காட்சியைச் சனிக்கிழமை காலைதான் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் நகத்தின் கனத்தில் சில வெள்ளிக் காசுகள் இருந்தன. காவலாளி ஃப்ளாஷ் இல்லாமல் படம் எடுக்க அனுமதித்தார். இதே மாதிரி ஒரு காசு எத்தனை பேர் மடியில் மாறி மாறிப் பனி பெய்யும் ஒரு தீவுக்குப் போய்ப் புதைந்திருக்கும் என்று யோசித்தபடி நின்றேன். ஒருவருக்குக்கூட அது எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று தெரிந்திருக்காது. பயணத்தில் நான் பயப்படாமல் இருந்த நேரம் அது ஒன்றுதான்.

மதியம் கிளம்பும்போது பிரிசில்லா வந்தாள். மணப்பாட்டுப் பெண், சோஹாரில் நர்ஸ், வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அவளுடைய அக்கா வீட்டுக்காரர் அந்தோணி என்னோடு வேலை செய்கிறவர்.

“அண்ணே, சின்னப் பொட்டலந்தான். அக்காட்ட குடுத்துருங்க. வர்ற வெள்ளிக்கிழம பிள்ளைக்கு ஞானஸ்நானம் வச்சிருக்காவ. ஊர்லயிருந்து கொண்டாந்த மசாலச் சாமானாக்கும்” என்றாள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. யார் எங்கே போனாலும் கையில் ஒரு பொட்டலம் ஏறும். மறுக்கக் கூடாது. பிரிக்கவும் கூடாது, பிரித்தால் சந்தேகப்படுகிறோம் என்று அர்த்தம். வாங்கி என் பைக்குள் கேமராவோடு சேர்த்து வைத்தேன். வண்டியில் ஏறியதும் கேமராவை மட்டும் எடுத்து அதன் உறையோடு பின் சீட்டில் போட்டேன்.

ஓமன் சாவடியில் வெளியேறும் முத்திரை விழுந்தது. அமீரகச் சாவடிக்கு இன்னும் கொஞ்சம் மலைச் சாலை பாக்கி. அப்போது போன் அடித்தது. பிரிசில்லாதான்.

“அண்ணே, ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். அதுல கசகசா தனியா ஒரு கவர்ல இருக்கு. கவர் லேசு, பொத்துட்டுதுன்னா சிந்திரும். பாத்துக்கிடுங்க.”

நம் வீட்டு அடுக்களையில் குருமாவுக்கு அரைக்கிற சாமான்தான். ஆனால் அபின் செடியின் விதை என்பதால் அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கு. ஒரு விதை ஒட்டியிருந்தாலும் உள்ளே வைத்துவிடுவார்கள் என்று ஒவ்வொரு தொழிலாளர் கேம்பிலும் ரூமிலும் பேச்சு. காக்காவிடம் சொன்னேன். அவர் வண்டியை ஓரமாக நிறுத்தினார். பையைத் திறந்தால், கவர் ஏற்கெனவே பொத்துப் போயிருந்தது. வெளிறிய மணல் நிறத்தில் விதைகள் பையின் தையலில், மடித்து வைத்த சட்டையில், நான் மடியில் வைத்திருந்ததால் என் பேண்ட்டில், ஷூவின் கயிற்றில்.

“தூக்கி எறிஞ்சிட்டுப் போயிடலாம் காக்கா” என்றேன்.

“சிந்துனத எப்புடி எறிவ? வண்டி என் பேருல ஈக்கிது தம்பி. ஒண்ணு கெடச்சாலும் என்னயத்தான் புடிப்பான். அடுத்த மாசம் புள்ளைக்குக் கல்யாணம்” என்றார். வண்டியைத் திருப்பினார்.

முத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போனவர்கள் பத்து நிமிடத்தில் திரும்பி வந்தால் எந்தச் சாவடியிலும் முறைத்துத்தான் பார்ப்பார்கள். மச்சான் வீட்டில் மருந்தை மறந்துவிட்டேன் என்று காக்கா அரபியில் ஏதோ சமாளித்தார். எனக்கு மறுபடி விசா, மறுபடி மூன்று ரியால். ஓமனில் கசகசாவுக்கு என்ன சட்டம் என்று எனக்குத் தெரியாது, அந்த நேரத்தில் யாரிடமும் கேட்கிற தைரியமும் இல்லை.

கடற்கரைச் சாலையில் ஒரு பெட்ரோல் பங்க்கைப் பிடித்தோம். விதையையெல்லாம் கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றினேன். பையையும் உடுப்பையும் ஷூவையும் ஒரு சாக்கில் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். பக்கத்துக் கடையில் கிடைத்தது ஒரு மஞ்சள் கால்பந்துச் சட்டையும், முக்கால் கால் வரை வரும் ஒரு பேண்ட்டும், ரப்பர் செருப்பும்தான். வண்டி கழுவும் பங்களாதேஷ்காரர் இருக்கையைக் கழற்றி இரண்டு முறை வாக்குவம் கருவியால் தூசியை உறிஞ்சினார். மூன்றாவது முறையும் செய்யச் சொன்னபோது, “பாய், வண்டில என்ன செத்துச்சு?” என்று இந்தியில் கேட்டார். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நான் பல்லைக் காட்டினேன்.

பிரிசில்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அய்யோ அண்ணே, நான் டூட்டில தெனமும் மார்ஃபின் அலமாரிச் சாவிய வச்சிக்கிட்டுத் திரியிறவ. கொழம்புல போடுறத அப்பிடி நெனைக்கவே இல்லியே” என்று அழுதாள். மிச்சமிருப்பதை உடனே கொட்டிவிடச் சொன்னேன்.

எல்லாம் சுத்தம் என்று தைரியமாக அமீரகச் சாவடிக்குப் போனோம். அங்கேதான் எங்கள் புத்திசாலித்தனம் பல்லிளித்தது. வெளியூரில் இரவு தங்கி வருகிறவனிடம் ஒரு பை கூட இல்லை. சட்டையில் விலைச்சீட்டு தொங்குகிறது. பழைய வண்டி மட்டும் கழுவித் துடைத்துப் பளபளக்கிறது. என் முகமோ கேட்கவே வேண்டாம். அதிகாரி இருவரையும் இறங்கச் சொன்னார். ஒரு நாயைக் கொண்டுவந்தார்கள்.

நாய் டிக்கியை மோந்தது, சக்கரத்தை மோந்தது, பின் கதவருகே போய் நின்றது. பின் சீட்டில் நான் கழற்றிப் போட்டிருந்த கேமரா உறை கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. சோஹாரில் அந்த உறை பொட்டலத்தின் மேலேயேதான் கிடந்தது. எல்லாவற்றையும் கழுவியவன் அதை உதறக்கூட இல்லை. சிறை, நாடு கடத்தல், ஊரில் அப்பா முகம், எல்லாம் ஒன்றாக வந்தது. நிஜமாகச் சொல்கிறேன், ஓடிவிடலாமா என்றுகூடத் தோன்றியது, ரப்பர் செருப்போடு.

அதிகாரி உறையைக் கையில் எடுத்தார். காக்கா அவர் பக்கத்தில் போய், நெஞ்சில் கை வைத்து, அரபியில் நிதானமாக ஏதோ சொன்னார். அதிகாரி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு உறையைத் தலைகீழாகக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினார். ஹோட்டல் ரசீது ஒன்று விழுந்தது, கொஞ்சம் தூசி விழுந்தது. தூசியை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“சோஹாரில் என்ன வேலை?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பழைய காசு பார்க்க என்று உளறி, கேமராவில் படத்தைக் காட்டினேன். அவர் படத்தைப் பெரிதாக்கி, அந்தக் கோணல் எழுத்துகளைச் சிரமப்பட்டு எழுத்துக்கூட்டி, இறைவன் ஒருவனே என்ற கலிமாவை மெல்ல வாசித்தார். இதே காசு ஸ்வீடனில் வயலுக்குள் கிடைக்கிறது என்றேன். நம்பாமல் பார்த்தார். இன்னொரு அதிகாரியைக் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு, “யல்லா”, கிளம்புங்கள் என்று கையை ஆட்டினார். அன்று மாலை அறையில் அந்த உறையைத் தையல் பிரித்துப் பார்த்தேன். ஒரு விதையும் இல்லை.

இந்த வழியில் போக நினைப்பவர்களுக்கு: ஒரு நாளில் போய் வரலாம், தங்கினால் நல்லது. கோட்டை எந்த நாளில் திறந்திருக்கும் என்று முன்பே கேளுங்கள். குளிர்காலம் தவிர மற்ற மாதங்களில் வேண்டாம். யார் பொட்டலம் கொடுத்தாலும் கொடுத்தவர் முன்னாலேயே பிரித்துப் பாருங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கசகசா மட்டுமில்லை, ஊரிலிருந்து கொண்டுவரும் மாத்திரைக்கும் இது பொருந்தும். வைக்கிங்குகள்கூட அடுத்தவர் கொடுத்த வெள்ளியைக் கத்தியால் கீறிப் பார்த்துத்தான் வாங்கினார்களாம்.

இதை எழுதலாமா என்று கேட்க, ஊருக்குப் போய்விட்ட காக்காவுக்கு நேற்று போன் செய்தேன். மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்திருந்தது. தாராளமா எழுது என்றார். அன்றைக்கு அந்த அதிகாரியிடம் அரபியில் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அந்த உறையும் வண்டில கெடக்குறது எல்லாமும் என்னுதுன்னு சொன்னேன். இந்தப் பையன் லிஃப்ட் கேட்டு ஏறுனவன், ஒண்ணுந் தெரியாதுன்னேன்.”

“ஏன் காக்கா? அடுத்த மாசம் கல்யாணத்த வச்சிக்கிட்டு?”

“அதுக்குத்தாண்டா. ரெண்டு பேரும் உள்ள போயிட்டா என் வூட்டுக்கு யாரு போன் போடுவா? வாப்பா வரலன்னு கல்யாணத்த நிறுத்திப்புடாதியோன்னு சொல்ல ஒரு ஆளு வெளிய வேணாமா?”