மறுபடி இறங்குங்க!

விசிலை ஊதிவிட்டு, முன்படிக்கட்டின் குறுக்கே அளவு நாடாவைக் கட்டுகிறார் அக்கா. "இந்தப் பக்கம் தீ! பின்படியால இறங்குங்க. மெஷினை ஆஃப் பண்ணு, பையை எடுக்காதே!" தீயாவது, புகையாவது! மாசாமாசம் நடக்கும் ஒத்திகைதான். அறுபத்து நாலு பேரும் முணுமுணுத்துக்கொண்டே மூன்று மாடி இறங்குகிறோம். பாதியில் யாராவது பைக்காகத் திரும்பினால் போச்சு, எல்லோரும் மறுபடி மேலே ஏறி இறங்க வேண்டும்.

எங்கள் தையல் கம்பெனியில் பட்டன் கட்ட வந்து சூப்பர்வைசர் ஆனவர் அக்கா. மேஜையில் மகளின் கிழிந்த ஆங்கில அகராதி. ஒரு சொல்லைப் பிடித்தால் அதன் பூர்வீகம் வரை போய்த்தான் விடுவார். ஒத்திகை பார்ப்பதைச் சொல்லும் 'ரிஹர்ஸ்' என்ற சொல் முதலில் வயலில் கிடந்ததாம். உழுத மண்ணில் பல் வைத்த சட்டத்தை மறுபடி இழுப்பது. பிறகு சொன்னதையே திருப்பிச் சொல்வது. மேடை ஏறியதெல்லாம் ரொம்பப் பின்னால்.

"ஒரு இழுப்புக்கு மண்கட்டி உடையுமாடி? மறுபடி இழுக்கணும்" என்பார். பிண வண்டியின் ஆங்கிலப் பெயரான 'ஹர்ஸ்' என்பதும் அதே சட்டத்தின் வம்சம்தானாம். அதைக் கேட்ட அன்று ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

மேனேஜர் மட்டும் மசியவில்லை. ஒரு ஒத்திகைக்கும் இறங்கியதில்லை. "மாசாமாசம் அரை மணி நேரம் வேலை கெடுது. இதோட நிறுத்துங்கம்மா" என்றார்.

"இன்னும் கட்டி உடையலை சார். போன தடவைகூட ரெண்டு பேர் திரும்பினாங்க."

"அதெல்லாம் வேணாம். இதுதான் கடைசி."

போன வியாழக்கிழமை அயர்ன் பிரிவில் ஸ்விட்ச் போர்டு வெடித்தது. முன்படி முழுக்கக் கரும்புகை. விசில் கேட்டதும் கை தானாக மெஷினை நிறுத்தியது, கால் தானாகப் பின்படிக்குத் திரும்பியது. ஒருத்திகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றே நிமிடத்தில் தெருவில் வரிசையாக நின்றோம். அக்கா ஒவ்வொரு தோளையும் தொட்டு எண்ணினார். அறுபத்து நாலு! ஒரு கீறல் இல்லை. கத்தினோம், கை தட்டினோம், கட்டிக்கொண்டு அழுதோம். முணுமுணுத்த வாய்க்கெல்லாம் அன்று சர்க்கரை போடலாம்.

கடைசியாக இறங்கியவளின் முழங்கையைப் பிடித்தபடியே வந்துசேர்ந்திருந்தார் மேனேஜர், முகமெல்லாம் கரி. எங்கே நிற்பது என்று தெரியாமல் தெருநடுவே விழித்தார். அக்கா அவர் கையைப் பிடித்து இழுத்துவந்து வரிசையின் கடைசியில் நிறுத்தி, அவர் தோளையும் தொட்டார்.

"அறுபத்தஞ்சு."