கடைசி இருபது நிமிஷம்

அந்தப் படம் வந்த வாரம் எங்கள் அபார்ட்மெண்டில் எல்லோரும் விஞ்ஞானி ஆகிவிட்டார்கள். லிஃப்ட் ஓடாமல் நின்றிருந்தது, அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. சந்திரனில் காப்பி ஆற எவ்வளவு நேரமாகும் என்று வாட்ஸாப் குழுவில் நாள் முழுக்க விவாதம். பெண்கள் கல்லூரியில் காலமெல்லாம் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. என் கணவரைத்தான் கேட்டார்கள்.

காரணம், மூலக்கதை அவரிடம் இருந்தது. எங்கள் சின்ன வயதில் ஒரு வாரப் பத்திரிகையில் வந்த நிலாத் தொடர்கதையைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். அது புத்தகமாக வந்ததே இல்லை. வாராவாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணி வைத்த வீடுகளில் மட்டும்தான் இருந்தது. எங்கள் வீட்டுத் தொகுப்பு இவருடைய பெரியப்பா பைண்டுக்குக் கொடுத்து வாங்கியது. சிவப்பு அட்டை. மயிலாப்பூரில் வெள்ளிக் கிண்ணத்தை இரவல் கொடுத்தாலும் கொடுப்பார்கள், பைண்டு பண்ணின தொடர்கதையைக் கொடுக்க மாட்டார்கள். இவர் கல்லூரி நாளில் அதைப் படித்தார். இனிமேல் தமிழில் வேறு யாரும் கதை எழுத வேண்டிய அவசியமில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கதை இதுதான். சந்திரனில் ஒரு குடியிருப்பு. அதில் ஒரு பெண் விஞ்ஞானி, அவள் புருஷன், ஓர் இரும்பு வேலைக்காரன். புருஷன் எந்நேரமும் பேப்பர் படிப்பான். சந்திரனுக்கு யார் பேப்பர் போட்டார்கள் என்று கதையில் சொல்லவில்லை. அவளைச் செவ்வாயில் ஆராய்ச்சி செய்யக் கூப்பிடுகிறார்கள். கடைசி அத்தியாயத்தில் வெளியே கப்பல் காத்திருக்க, அவள் வாசல் கதவு வரைக்கும் வருகிறாள். ‘அவள் கை கைப்பிடியில் இருந்தது.’ அவ்வளவுதான், கதை முடிந்தது.

“திறந்தாள்னு எழுதலை, பார்த்தியோ? அவ போக மாட்டா. அதைச் சொல்லாம சொல்லியிருக்கார் பாரு, அதுதான் கலை” என்பார் இவர்.

இதை முதல் தடவை நான் கேட்டது கல்யாணமான புதிதில். பெங்களூரில் மூன்று வருஷ ஆராய்ச்சிக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. போகாதே என்று இவர் சொல்லவில்லை, அப்படியெல்லாம் வாய்விட்டுச் சொல்கிற ரகம் இல்லை. சிவப்பு அட்டையை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினார். எனக்கும் அந்த முடிவு பிடித்துத் தொலைத்தது. நான் போகவில்லை.

இப்போது கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். ஆய்வுக்கூடம் ஒன்றை முதலிலிருந்து அமைத்து, பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பும் எடுக்க வேண்டும். ஆறு மாத வேலை. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். எனக்குப் போகக் கொள்ளை ஆசை. இவரிடம் சொன்னேன்.

“தாராளமா போயேன்” என்றார். சொல்லிவிட்டுப் புத்தக அலமாரிப் பக்கம் பார்த்தார். அந்தப் பார்வை போதாதா எனக்கு. அந்த இரும்பு வேலைக்காரனையும் சேர்த்துக் கொளுத்திவிடலாம் போல இருந்தது.

இந்த நிலைமையில்தான் வேளச்சேரி மாலுக்குப் படம் பார்க்கப் போனோம். படத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. காற்றே இல்லாத இடத்தில் கதாநாயகியின் கூந்தல் பறந்தது. இரும்பு வேலைக்காரன் குத்துப் பாட்டுக்கு ஆடினான், அவன்தான் எல்லோரையும்விட நன்றாக நடித்திருந்தான். இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு காட்சிக்கும் “கரெக்ட், கரெக்ட்” என்று தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவள் கதவருகே வந்தாள். கைப்பிடியில் கை வைத்தாள். இவர் எழுந்து செருப்பைத் தேடினார், படம் முடிந்துவிட்டதென்று.

அவள் கதவைத் திறந்தாள். போயே போய்விட்டாள். அதற்கப்புறம் இருபது நிமிஷம் செவ்வாய், செம்மண், ஆராய்ச்சி, ஒரு சோகப் பாட்டு. நான் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது. பாட்டுக்காக அழுகிறேன் என்று பக்கத்து சீட்டுப் பெண் டிஷ்யூ நீட்டினாள்.

வெளியே வந்தால், மைக்கைப் பிடித்துக்கொண்டு நாலைந்து யூடியூப் பையன்கள். படம் பார்த்துவிட்டு வருகிற முகமெல்லாம் அவர்களுக்கு விமர்சகர்தான். ஒருத்தர் படம் தீ என்றார், இன்னொருத்தர் காசு தண்டம் என்றார். ஓர் அம்மாள் ஏசி நன்றாக இருந்ததாகச் சொன்னாள், அன்றைக்குச் சொன்னதில் அதுதான் நேர்மையான கருத்து. ஒரு மைக் இவர் மீசைக்கு நேராக வந்தது. மீசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய ஒரே நகை. தினமும் காலையில் தனிச் சீப்பால் வாரிவிடுவார்.

“சார், படம் எப்டி இருக்கு?”

“கடைசி இருபது நிமிஷம் டைரக்டரோட சொந்தச் சரக்கு. ஒரிஜினல் எங்காத்துல இருக்கு. அதுல அவ கதவைத் திறக்கவே மாட்டா. அப்படி ஒரு அத்தியாயம் இருக்குன்னு யாராவது காட்டட்டும், நான் பாதி மீசையை எடுத்துடறேன்.”

“செம சார்” என்றான் பையன்.

வீட்டுக்குத் திரும்பிய ஆட்டோவில் ஓட்டுநரும் தன் கருத்தைச் சொன்னார். “ரோபோ சோக்கா கீது. ஆனா அந்தம்மா கதவாண்ட அவ்ளோ நேரம் இன்னாத்துக்கு நின்னுகினு இருக்குது? போறதுன்னா போவ வேண்டியதுதானே?”

இவர் மீசையை நீவிக்கொண்டார். நான் அந்த மனிதரின் பின்மண்டையை மரியாதையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த வீடியோ பரவி, இரண்டு நாளில் இவர் ‘மீசை மாமா’ என்று ஊர் முழுக்கத் தெரிந்தவர் ஆகிவிட்டார். அவரை வைத்து மீம் போட்டார்கள். மீசையும் கிராஃபிக்ஸா என்று ஒருத்தன் கேட்டிருந்தான். கற்பகாம்பாள் சந்நிதியில் முன்பின் தெரியாத பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். இவருக்கு உள்ளுக்குள் குஷிதான். எனக்குத்தான் தூக்கம் போயிற்று. அந்தக் கதவு நிஜமாகவே திறந்ததா, இல்லையா? இந்த வயதில் ஒரு கதையைக் கேட்டா முடிவெடுப்பாய் என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். ஏற்கெனவே ஒரு தடவை அப்படித்தானே எடுத்தாய் என்று மனசு திருப்பிக் கேட்டது.

கீழ் வீட்டில் திருநெல்வேலிக்காரக் குடும்பம், தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள். அந்த வீட்டம்மா வீடியோவைப் பார்த்துவிட்டு, நான் காய் வாங்க இறங்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சார் சொல்லுதது தப்புல்லா டீச்சர்? அவ கதவத் தொறந்து போயிருவால்லா. எங்க அம்மா வாராவாரம் கிழிச்சு பைண்ட் பண்ணி வச்சிருந்தாவ. ஊர்ல தம்பி வீட்ல கெடக்கு. கடைக்குச் சரக்கு வரும்போது சேர்த்துப் போட்டுவிடச் சொல்லுதேன்.”

சேலைக் கட்டுகளோடு சேர்ந்து அது வந்து இறங்கியது. பச்சை அட்டை. அவள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பின்னாலிருந்து புரட்டினேன். ‘அவள் கை கைப்பிடியில் இருந்தது’ என்ற வரி இருந்தது. அதற்குக் கீழே, பக்கத்தின் அடி ஓரத்தில், ‘தொடரும்’ என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த வாரம் இருந்தது. முதல் வரியிலேயே அவள் கதவைத் திறந்துவிட்டாள்.

எங்கள் தொகுப்பில் என்ன நடந்திருக்கும் என்று அப்போதே புரிந்துவிட்டது. பைண்டர் ஓரம் சமமாக வர வேண்டுமென்று அடிப்பக்கத்தை அரிந்திருக்கிறார், ‘தொடரும்’ அத்தனையும் அதோடு போயிருக்கிறது. நடு வாரங்களில் அது இல்லாவிட்டால் என்ன, அடுத்த பக்கம்தான் இருக்கிறதே. கடைசி வாரத்துப் பத்திரிகையை அக்கம்பக்கத்தில் யாரோ படிக்க வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை போலிருக்கிறது. பெரியப்பா கணக்குப் பார்க்காமல் தைக்கக் கொடுத்துவிட்டார். ஆக, யாரோ பத்திரிகையைத் திருப்பித் தராததற்கும் ஒரு பைண்டரின் கத்திக்கும் பெயர்தான் கலை.

சிரிப்பு வர வேண்டும், வரவில்லை. கோபம்தான் வந்தது. பெங்களூரில் எனக்காகப் போட்டிருந்த மேஜையில் வேறு யாரோ உட்கார்ந்து படித்து, டாக்டர் பட்டமும் வாங்கியிருப்பார்கள். நான் இங்கே ஒரு தொடர்கதையை முக்கால்வாசி படித்துவிட்டு முழுசென்று நம்பிக் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். கீழ் வீட்டம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மாடியேறிப் போய்ப் பச்சை அட்டையை இவர் மடியில் வைத்தேன். படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். சிவப்பை எடுத்துவந்து கடைசிப் பக்கத்தின் அடி ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். எழுத்துகளின் தலை மட்டும் கறுப்பாகக் கொஞ்சம் தெரிந்தது. இத்தனை வருஷமாக அதை நாங்கள் மைக்கறை என்றே நினைத்திருந்தோம்.

“இருந்தாலும் அங்கேயே முடிச்சிருக்கணும்” என்றார் கடைசியில். “எழுதினவருக்கே தெரியலை.”

“இதோ பாருங்கோ, பெங்களூருக்கு நான் போகாம இருந்தது இந்தப் பக்கத்தைப் படிச்சுட்டுதான். ஞாபகம் இருக்கா?”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

“இருக்கு” என்றார்.

“நான் கோத்தகிரிக்குப் போறேன்.”

“மீசை?”

“உங்க மீசையை வெச்சுண்டு நான் என்ன பண்ணப் போறேன்? கோயம்புத்தூர் ரயிலுக்கு டிக்கெட் போடுங்கோ.”

போட்டார். ஜன்னல் ஓரம் கிடைத்ததாகக் கொஞ்சம் பெருமையாகக்கூடச் சொன்னார். காப்பி ஃபில்டரை எப்படிப் போடுவதென்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இரண்டு நாள் காப்பி என்ற பெயரில் கஷாயம் குடித்தோம்.

கிளம்பிய காலையில் சென்ட்ரலுக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வந்தார். இருமலா என்று கேட்டேன், தூசி என்றார். பெட்டியை ஏற்றி சீட்டுக்கடியில் தள்ளினார். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டாயா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு இறங்கி, நான் உட்கார்ந்திருந்த பெட்டியின் வாசலருகே நின்றார். நான் எழுந்து கதவுக்கு வந்தேன். டீ விற்றுக்கொண்டு வந்த ஆள் இவரை உற்றுப் பார்த்தான். மாஸ்க் போட்டால் மட்டும் அந்தக் குரலை மறைக்க முடியுமா?

“நைனா, நீ அந்த மீசை மாமா தானே? எங்க, மீசையக் காட்டு.”

இவர் என்னைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கைக் கீழே இறக்கினார். வலது பக்கம் மீசை வழக்கம்போல வாரிவிட்டிருந்தது. இடது பக்கம் வழவழவென்று, குழந்தை முகம் மாதிரி இருந்தது. நான் வேண்டாமென்று சொல்லியும் எடுத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

டீக்காரன் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஃபோனை எடுத்தான். “படம் எப்டி மாமா, இப்ப சொல்லு” என்றான்.

ரயில் நகர ஆரம்பித்தது. இவர் ஃபோனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே பிளாட்ஃபாரத்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

“கடைசி இருபது நிமிஷம்தான்ப்பா படமே.”