குளிர்ந்த வீட்டுக்கு ஏறிய வாடகை

கத்திரி வெயிலில் தி.நகரின் பின்தெரு ஒன்றில் மொட்டை மாடிக் கசிவைப் பார்க்கப் போனேன். அப்போது வாட்டர்ப்ரூஃபிங் கம்பெனி ஒன்றில் சைட் இன்ஜினியர். மாடிக்கு நேர் கீழே வாடகைக்கு இருந்த செல்வி, பிளவுஸ் தைத்துப் பிழைப்பவர். நான் உள்ளே நுழைந்தபோது தையல் மெஷின் மேலேயே மயங்கிச் சாய்ந்திருந்தார். கணவர் முருகன் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். சுவரில் வைத்த கையை உடனே எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு.

செல்வி தெளிந்து உட்கார்ந்ததும், "ஒரு ஏசி போடக்கூடாதா?" என்று யோசிக்காமல் கேட்டேன்.

"கரண்டு பில்லு யாரு கட்றது மேடம்? சப்-மீட்டர் வச்சுக்கினு ஓனரு இஷ்டத்துக்கு வாங்குறாரு. ஃபேன் போடவே பயமா கீது" என்றார் செல்வி.

கீழ்த்தளத்துக்கு இறங்கிப் போனேன். ஓனர் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கசிவை அடைக்கும்போதே வெள்ளை கூல் ரூஃப் கோட்டிங்கும் அடித்தால் வீட்டுக்குள் சூடு குறையும், மழையையும் தாங்கும் என்று எடுத்துச் சொன்னேன்.

"ஒழுகாம இருந்தா போதும்மா. பெயின்ட் வேணா வாங்கித் தரேன். மேல இருக்கிறவங்க தூங்குறதுக்கு நான் எதுக்கு லேபர் கூலி குடுக்கணும்?" என்றார்.

பின்னாலேயே வந்திருந்த செல்வி, "லேபர் வேலைய நாங்களே பாத்துக்குறோம் சார்" என்றார்.

பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் கம்பி பிரஷ்ஷால் மாடி முழுவதும் பாசியைத் தேய்த்தார்கள். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து கழுவினார்கள். செல்விக்கு உள்ளங்கை கொப்புளித்து, கத்தரிக்கோல் பிடிக்க முடியாமல் போயிற்று. கோட்டிங் காய்ந்த பிறகு போன் செய்தார்.

"மேடம், இன்னிக்கு மத்தியானம் தூங்கிட்டேன் மேடம்!"

ஆபீஸ் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மழைக்காலம் முடிந்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். சொட்டுக் கசிவில்லை. ஆனால் செல்வி வீட்டில் வேறொரு குடும்பம். ஓனர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"கூல் ஹவுஸ்னு விளம்பரம் போட்டேன், உடனே ஆள் வந்துட்டாங்கம்மா. வாடகையும் ஏத்திட்டேன்."

"செல்வி?"

"பழைய வாடகைக்கே எப்படி விட முடியும்? பதினொரு மாச அக்ரிமென்ட் முடிஞ்சுது, போயிட்டாங்க."

"இந்த மாடியைத் தேய்ச்சது அவங்க சார்!"

"என் மாடியைத்தானேம்மா?"

நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவர் கம்பெனிக்குப் புகார் செய்தார்.

"நம்ம வேலை கோட்டிங் அடிக்கிறது. வாடகையைப் பத்தி உங்களுக்கு என்ன?" என்றார் மேனேஜர்.

விசாரித்துக்கொண்டு செல்வியைத் தேடிப் போனேன். ஊருக்கு வெளியே, சிமென்ட் ஷீட் போட்ட வீடு. என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"உங்க பெயின்ட்ட அடிக்காம இருந்தா அங்கயே இருந்திருப்பேன் மேடம். வெந்தாலும் கஸ்டமருங்க பக்கத்துல இருந்தாங்க. இங்க யாரு எனக்கு பிளவுஸ் குடுக்குறா?"

வாசலிலிருந்தே திரும்பினேன்.

இப்போது தனியாக வேலை எடுக்கிறேன். கூல் ரூஃப், சோலார் என்று பிளானோடு வரும் இளம் இன்ஜினியர்கள் எத்தனை யூனிட் கரண்ட் மிச்சமாகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். கணக்கு சரிதான். வாடகைக்கு இருப்பவர் அடுத்த கோடையிலும் அங்கே இருப்பாரா என்று கேட்டால் விழிக்கிறார்கள். அதைக் கேட்காமல் வேலையைத் தொடாதீர்கள் என்று சொல்லி அனுப்புகிறேன்.

என்னைக் கூப்பிடும் ஓனர்களிடம், இருப்பவருக்கே பழைய வாடகையில் சில வருஷத்துக்கு அக்ரிமென்ட் போட்டால்தான் வருவேன் என்கிறேன். பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள். வைக்கட்டும். இன்னொரு குடும்பத்தை வெளியே தள்ள நான் மாடி ஏற மாட்டேன்.