இரண்டு குழாய்ப் படமும் புவனா ரீச்சரும்

புவனா ரீச்சர் போய்விட்டார் என்று தொலைபேசி வந்தபோது, நான் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ஊரிலிருந்து வரும் சாவுச் செய்திகளைக் கேட்டுக் கேட்டே களைத்துப்போன வீடு எங்களுடையது. இது பக்கத்துத் தெருவிலிருந்து வந்தது. அழவும் தென்பில்லாமல் தேத்தண்ணீருக்குக் கேத்திலை வைத்தேன்.

லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பியவர்களுக்கு அவரைத் தெரியும். கிழமை நாட்களில் கவுன்சில் பள்ளிக்கூடத்தில் அமெரிக்க வரலாறு படிப்பிப்பார். சனிக்கிழமைகளில் அதே சோதனைப் பாடத்தை எங்கள் பிள்ளைகளுக்கு எடுப்பார். நான் அடுத்த அறையில் ஆங்கிலம் படிப்பித்தேன். பாடப்புத்தகத்தில் கார்த் தொழிற்சாலைகளும் பங்குச்சந்தையும் பக்கம் பக்கமாக வரும். கறுப்பு மக்களுக்கு ஒரு மூலையில் சின்னப் பெட்டி. ரீச்சர் அந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குவார். சோதனைக்கு இது வராதே என்று ஒருமுறை கேட்டேன். “அதாலைதான் நான் சொல்லவேணும். வேறை ஆர் சொல்லப்போகினம்?” என்றார்.

ஒரு சனிக்கிழமை, வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று எழுதிய இரண்டு தண்ணீர்க் குழாய்களின் படத்தைக் காட்டினார். யாழ்ப்பாணத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்த ஒரு பிள்ளை, தங்கள் வீட்டில் வேலைக்கு வருபவர்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையில்தான் தண்ணீர் கொடுப்பார்கள், அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்டது.

“ஓம், ஒண்டுதான். எங்கடை வீட்டிலையும் சிரட்டை இருந்தது. நானும் அதிலை ஊத்திக் குடுத்தனான்,” என்றார் ரீச்சர்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பிள்ளையின் தகப்பன் வந்துவிட்டார். “அமெரிக்கன்ரை அநியாயத்தைப் படிப்பிக்கச் சொன்னால், எங்கடை வளவுக்குள்ளை ஏன் வாறியள்?”

ரீச்சர் குரலை உயர்த்தவில்லை. “சிரட்டையிலை குடிச்ச ஆக்களின்ரை பிள்ளையளும் இந்த வகுப்பிலை இருக்கினம். அவையின்ரை முகத்தைப் பாத்து என்னாலை மறைக்க ஏலாது.”

சோதனைக்கு வேண்டியதை மட்டும் படிப்பித்தால் போதும் என்றது சனிக்கிழமைப் பள்ளி நிர்வாகம். அப்படியென்றால் தன்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு, வகுப்பைத் தன் வீட்டு முன்னறைக்குக் கொண்டுபோனார். கதிரைகளைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பாதிப் பிள்ளைகள் வரவில்லை. வந்த பிள்ளைகளுக்காகக் கடைசிவரை, மருந்து குடித்துக்கொண்டு நெஞ்சு வருத்தத்தோடும் படிப்பித்தார்.

செத்தவீட்டில் நிர்வாகத் தலைவர்தான் பேசினார். வெள்ளைக்காரனின் அநியாயத்தை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்ன துணிச்சல்காரி என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். சிரட்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குக் கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. அவரைப் பாதியாக்கி அனுப்பிவிட்டார்கள். மீதியை உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முன்னறை வகுப்பை இனி நான் எடுக்கவேண்டும். அவருடையது என்று என்னிடம் இருப்பது ஓரம் கிழிந்த அந்தக் குழாய்ப் படம்தான். வருகிற சனிக்கிழமை அதைக் காட்டுவேன். ஏதாவது ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும். எங்கள் வீட்டிலும் சிரட்டை இருந்தது.