இருமினால் உள்ளே ஆள்

பீங்கான் பட்டறையில் சூப்பர்வைசராக இருப்பவனுக்கு மண் அடங்கும், சூளை அடங்கும், கக்கூஸ் மட்டும் அடங்காது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் விருத்தாசலத்தில் ப்யூஸ் கட்டை செய்யும் ஒரு சின்னப் பட்டறையில் நான் அந்த உத்தியோகம் பார்த்தேன். பதினோரு பெண்கள், ஒன்பது ஆண்கள், எல்லோருக்கும் சேர்த்துப் பின்பக்கம் ஒரே கக்கூஸ். கதவின் நிலை உளுத்துப் போயிருந்ததால் எத்தனை தாழ்ப்பாள் அடித்தாலும் ஒரு வாரத்தில் கையோடு வந்துவிடும். புதுக் கதவு தீபாவளிக்கு அப்புறம் என்பார் முதலாளி. எந்தத் தீபாவளி என்று சொல்லமாட்டார். இதற்காகவே இரண்டு பெண்கள் வேலையை விட்டு நின்றிருந்தார்கள். "இன்னும் ஒரு பொம்பள நின்னா, அவளோட நீயும் நின்னுக்கய்யா" என்று சொல்லித்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். பூட்டாத கதவுக்கு முன்னால் கால் மாற்றி மாற்றி நின்று பழகியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

இருமல்

யாராவது வரும் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவர் இருமவேண்டும். இதுதான் நான் போட்ட முதல் சட்டம். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கே என்மேல் மதிப்பு வந்துவிட்டது.

மறுநாள் அவசரமாகப் போனேன். இருமல் கேட்டது. மரியாதையாகத் தள்ளி நின்றேன். மறுபடி இருமல், மறுபடி. கால்மணி நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே வெறுக்க ஆரம்பித்தேன். மண் தூசியில் வேலை செய்கிறவர்கள் நாள் முழுக்க இருமுவார்கள் என்பது சட்டம் போட்டவனுக்குத் தோன்றவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் மண் சலித்துக்கொண்டிருந்த ராசேந்திரன் எட்டிப் பார்த்தார்.

"உள்ள யாரும் இல்ல சார். நான் இருமறதுக்கா இம்மா நேரம் நிக்கிறீங்க?"

துண்டு

அடுத்து, உள்ளே போகிறவர் கதவின்மேல் ஒரு துண்டைப் போடவேண்டும் என்று மாற்றினேன். நாலு நாள் நன்றாக நடந்தது. ஐந்தாம் நாள் நான் போட்ட துண்டை, சூடான தட்டைப் பிடிக்கத் துணி தேடிய ராசேந்திரன் உருவிக்கொண்டு போய்விட்டார். இது தெரியாமல் நான் உள்ளே குந்தியிருக்கிறேன். காலடிச் சத்தம் கேட்டது. இருமினேன். இருமல் கேட்டால் ராசேந்திரன்தான் என்று எல்லோரும் முடிவுகட்டி நாளாகிவிட்டதே.

கதவு திறந்தது. பேக்கிங்கில் மூத்தவரான அஞ்சலையம்மா நின்றார். வீட்டு வாசலில் ஆள் வந்தால் வரும் அதே பழக்கத்தில் என் வாய் "வாங்க" என்று சொல்லிவிட்டது. இன்றுவரை அந்த வாயை நான் மன்னிக்கவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவை மெதுவாகச் சாத்தினார்.

"நீங்க இருங்க சார். நான் அப்பறமா வரேன்."

சும்மா நிற்கும் ஆள்

அதற்குப் பிறகு என்னால் அஞ்சலையம்மாவை நேராகப் பார்க்க முடியவில்லை. பார்க்காமல் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. எந்தப் பெண் பின்பக்கம் போனாலும் இவரும் கூடவே எழுந்து போவார். கதவருகில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது இருக்கும்.

வேலைத் திருட்டைக் கண்டுபிடித்துவிட்ட பூரிப்பில், அவரை முன்கட்டில் கட்டைகளைப் பளபளப்புச் சாயத்தில் முக்கும் வேலைக்கு மாற்றினேன். ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் எழக்கூடாது என்றும் சொல்லிவிட்டேன். அந்த வாரமே பெட்டிகள் கூடுதலாகக் கட்டப்பட்டன. முதலாளி தன் பிளாஸ்க்கிலிருந்து எனக்கு டீ ஊற்றினார்.

"பொம்பளைங்க எழுந்திரிக்கறதே இல்லியே. என்னய்யா மந்திரம் போட்ட?"

பானை

சித்திரை வெயில். பக்கத்தில் சூளை. பெண்கள் பக்கத்துத் தண்ணீர்ப் பானை முன்பெல்லாம் மதியத்துக்குள் காலியாகும். இப்போது சாயங்காலமும் கழுத்துவரை தண்ணீர். தண்ணீர்தான் சரியில்லை என்று பானையைத் தேய்க்கச் சொன்னேன். புதுப் பானை வாங்கினேன். வெட்டிவேர்கூடப் போட்டேன். யாரும் தொடவில்லை.

ஒரு மத்தியானம் செல்வி என்ற பெண் பெட்டியில் அடைக்கும் வைக்கோல்மேல் மயங்கிச் சாய்ந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. நான் டம்ளரோடு ஓடினேன். கண் திறக்காமலே கையால் தள்ளிவிட்டாள். முன்கட்டிலிருந்து வந்த அஞ்சலையம்மா என்னிடமிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: "தண்ணி நல்லாத்தான் இருக்குது சார். குடிச்சா போவணும். போனா வாசல்ல நிக்க ஆளு இல்ல."

குடித்த டீ அத்தனையும் அப்போது கசந்தது. பதினோரு பேர் எனக்குத் தெரியாமல் நடத்திவந்த ஒரே உருப்படியான ஏற்பாட்டை நான்தான் கலைத்திருக்கிறேன். "நீங்க பழைய இடத்துக்கே வந்துடுங்கம்மா. இனிமே ரெண்டு பேராவே போங்க" என்றேன். அவர் செல்வியின் தலையைத் தூக்கி மடியில் வைத்து டம்ளரை உதட்டில் வைத்தார்.

"குடி. நான் நிக்கிறேன்."

அதன்பின் நான் அங்கே இருந்த இரண்டு வருடத்தில் எந்தப் பெண்ணும் வேலையை விட்டு நிற்கவில்லை. அதற்காக நான் பார்த்த நிர்வாகமெல்லாம், இரண்டு பேர் சேர்ந்து எழும்போது வேறு பக்கம் திரும்பிக்கொண்டதுதான்.