நிழலில் வளர்ந்த இனம்

என் அக்கா செடி ஆராய்ச்சிக்காரி. பல்கலைக்கழகத்தில் படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். டாக்டர் என்று தெரிந்ததும் அக்கம்பக்கத்தார் முழங்கால் வலியைச் சொல்ல வருவார்கள். செடி டாக்டர் என்றதும் வந்த வழியே திரும்பிவிடுவார்கள்.

தாவரவியல் பூங்காவின் பின்பக்கக் கட்டடத்தில் அவளுக்கு ஓர் அறை. உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிய இரும்பு அலமாரிகள், அந்துருண்டை வாடை, ஒரு நுண்ணோக்கி, ஒரு நாற்காலி. இரண்டாவது நாற்காலிக்கு அங்கே வேலையே இருந்ததில்லை. நான் போனால் அலமாரிக்குப் போட்டிருக்கும் ஏணியின் படியில்தான் உட்காருவேன்.

வருஷா வருஷம் புதுப்பிக்கிற தற்காலிக உத்தியோகம். இந்த வருஷம் நீட்டிப்பார்களா மாட்டார்களா என்று பயந்தே தலை நரைத்துவிட்டது. கல்யாணம் பேச வந்தவர்களிடம், "வேலை நிரந்தரமாகட்டும்" என்றாள். வேலை நிரந்தரமாகவில்லை, வந்தவர்கள்தான் நிரந்தரமாகப் போய்விட்டார்கள்.

அவளுடைய ஒரே சொத்து ஒரு புது இனம். இளவயதில் மலைக்காட்டு ஓடையோரம் விரல் உயரச் செடி ஒன்றைக் கண்டுபிடித்தாள். சாலையோரமெல்லாம் முளைக்கிற ஒரு களைப்பூண்டுக்கு அது நெருங்கிய சொந்தம். ஆனால் பூண்டின் இலை சின்னது, ரோமம் உள்ளது. இதன் இலையோ அகலம், வழவழப்பு. வேறு இனம் என்று பெயர் வைத்துக் கட்டுரை எழுதினாள். வெளிநாட்டு ஆய்விதழில் வந்தது. அதைச் சொல்லித்தான் இத்தனை வருஷம் ஒவ்வொரு நீட்டிப்பும் வாங்கினாள்.

போன வருஷம் பூங்காவில் நிரந்தர வேலை ஒன்று அறிவித்தார்கள். அவளுக்கு வயது வரம்பு முடியப் போகிறது. இதை விட்டால் வேறு கிடையாது. நேர்காணலுக்கு முந்தின வாரம் அவள் அறையில் ட்யூப்லைட் மாட்டப் போயிருந்தேன். நான் எலக்ட்ரீஷியன். வேலை முடிந்ததும், "மாடிக்கு வாடா" என்று கூட்டிப் போனாள்.

செடி வளர்க்கிற, நிழல்வலை போட்ட கண்ணாடி வீட்டில் இடமில்லாமல் அந்தச் செடியின் விதைகளில் கொஞ்சத்தை மொட்டைமாடித் தொட்டிகளில் போட்டிருந்தாளாம். வெயிலில் வளர்ந்த அவற்றின் இலை சின்னதாக, ரோமத்தோடு இருந்தது. அசல் சாலையோரப் பூண்டு.

"நெழல்ல வளந்ததால அப்படி இருந்திருக்கு. அவ்ளோதான். புது இனமெல்லாம் கெடையாது" என்றாள்.

வெயிலில் அலைகிற நானும் ஏசியில் உட்காருகிற என் மைத்துனனும் வேறு வேறு இனம் என்று எழுதிய கதைதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் முகத்தில் ஈயாடவில்லை.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத்தான்."

"அப்ப ஆறப்போடு. ஆர்டர் கைக்கு வந்தப்பறம் சொல்லிக்கலாம்."

பூவாளியை எடுத்துத் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. பிழைக்கத் தெரியாதவள்.

நேர்காணல் அன்று வராந்தாவில் காத்திருந்தேன். வெளியே வந்தாள்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"யாராவது மறுப்பு எழுதியிருக்காங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னேன். அப்பறம் உங்களுக்கு என்னம்மா அவசரம்னு கேட்டாங்க."

வேலை வேறொருவருக்குப் போனது. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாளே என்ற ஆத்திரத்தில் நான் ரொம்ப நாள் போன் பண்ணவில்லை. பெரிய வீரன் என்று எனக்கு நினைப்பு. தினம் அவள் நினைப்பு வரும், ஆனாலும் போனை எடுக்க மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே கூப்பிட்டாள். தன் இனம் தனி இனம் இல்லை என்று திருத்தக் கட்டுரை எழுதி அதே ஆய்விதழுக்கு அனுப்பியிருக்கிறாள். அச்சிடுமுன் விஷயம் தெரிந்த இரண்டு பேர் சரிபார்க்க வேண்டுமாம். இதழாசிரியர் எங்கெங்கோ விசாரித்திருக்கிறார். கேட்ட இடத்திலெல்லாம் இவள் பெயரையே சொன்னார்களாம். கடைசியில் இவளிடமே ஆள் கேட்டு எழுதிவிட்டார்.

"ரெண்டு பேர் சொல்லுங்கன்னு கேக்கறாங்கடா."

"சொல்லிட்டுப் போயேன்."

"எங்க புரொபசர் போய்ச் சேந்துட்டார். கூடப் படிச்சவ பேங்க் வேலைக்குப் போயிட்டா. வேற யாரைச் சொல்ல?"

"என் பேரைப் போடு. ஒருத்தன் ஆச்சு."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அப்புறம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். என் அக்கா அழுது நான் கேட்டதே இல்லை.

"வேலை போச்சேன்னா அழற?"

"இல்லடா. இத்தனை வருஷமா தப்பா சொல்லிட்டிருந்திருக்கேன். தப்புன்னு சொல்றதுக்குக்கூட எனக்கு ஒருத்தர் இல்ல."