இறங்காத தரை

பாக்கியசீலன் முப்பது வருடம் காவிரிப் படுகை எண்ணெய்க் கிணறுகளில் கல் கழுவினார். துளைக்கும்போது மேலே வரும் துகள்களை அலசி, லென்ஸில் பார்த்து, எந்த ஆழத்தில் என்ன பாறை என்று எழுதும் வேலை. ஓரிடத்தில் எண்ணெய் கிடைக்கும். மூன்று மைல் தள்ளித் துளைத்தால் கரும்பாறை முட்டும். தரை எங்கே இறங்கியது, எங்கே இறங்காமல் நின்றது என்பதில்தான் எல்லாம் இருந்தது. ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்த மறுவருடம் மனைவி இறந்தாள். பிறகு ஞாயிறு ஆராதனை முடிந்து ஏரலுக்கு பஸ் ஏறி, தங்கை சாலோமி கையால் சாப்பிடும் ஒருவேளைச் சோறுதான் அவருக்கு வீடு.

சாலோமியின் கணவர் எபனேசர் வாழைத்தோட்டத்தில் புது போர் போட்டார். எண்பதடியில் தண்ணீரோடு குமிழியும் வந்தது. தீக்குச்சி காட்டினால் நீலமாக எரிந்தது.

"எண்ணெக் கம்பெனிக்காரன் எப்ப வருவான் மச்சான்?" என்றார் சாப்பாட்டின் நடுவே.

"வரமாட்டான் மாப்ள. இலங்கை நம்மள விட்டு விலகினப்போ நடுவுல தரை இறங்கிச்சி. அதான் மன்னார் வளைகுடா. சேறும் செத்த உசிரும் அங்கன போயி விழுந்து, மைல் கணக்குல மூடி, சூட்டுல வெந்துச்சி. எண்ணெ இருந்தா அங்கன இருக்கும். நாம இறங்காத பக்கம். ஆத்து மணலுக்குக் கீழ ஒரே பாறை. இது களிமண்ணுல சருகு அழுகின வாயு."

"இலங்கை விலகுனப்போ நீங்க கரையில நின்னு பாத்தியளோ?"

சாலோமி சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார்.

அடுத்த மாதம் ஏரல் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை. முதற்பலனாகக் கொண்டுவரும் நெல்லையும் காயையும் ஏலம் விடுவார்கள். எபனேசர் போர்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து வைத்தார். இன்னும் விளையாததற்கு முதற்பலன்.

"மச்சான் எண்ணெக் கம்பெனியில இருந்தவாக. அவுகளே சாட்சி சொல்லட்டும்" என்று சபை நடுவே கூப்பிட்டார்.

பாக்கியசீலன் எழுந்தார். தங்கை முகத்தைப் பார்த்தார். முப்பது வருடம் பொய் எழுதாத கை. வாய்க்கும் பொய் வரவில்லை.

"இது சேத்து வாயு. நாலு மாசத்துல நின்னுரும்."

"ஏலத்துல எடுத்தா சாம்பார் கொதிக்குமாவே?" என்றான் ஒருவன். கோயிலே சிரித்தது.

அந்தச் சிரிப்பைத் தாங்காமல்தான் எபனேசர் மறுநாள் அரிவாளை எடுத்தார். கம்பெனி லாரி வர வழி வேண்டும் என்று, குலை தள்ளி நின்ற வாழையை வரிசையாகச் சாய்த்தார். லாரி வரவில்லை. மூன்றாம் மாதமே குமிழி நின்றது.

அதுவரை ஏரலுக்குப் போகாமலிருந்த பாக்கியசீலன் அதைக் கேள்விப்பட்டுப் போனார். சாலோமி வாசலிலேயே நின்றாள்.

"வீட்டுல வச்சி சொன்னிய, சரிண்ணே. அத்தனை பேரு முன்னாலயும் சொல்லணுமா? அங்கன வாய மூடியிருந்தா என் வாழையாவது நின்னிருக்கும்."

உள்ளே எபனேசர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை. சாலோமியும் வழிவிட்டு விலகவில்லை.

பாக்கியசீலன் பஸ் நிலையத்தில் இரண்டு புரோட்டா தின்றுவிட்டுப் பாளையங்கோட்டை பஸ்ஸில் ஏறினார்.